வாசல் பார்த்த செருப்புகள்

எனக்கு ஆட்களின் முகம் நினைவில் நிற்காது. உள்ளே இருப்பது நிற்கும். எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கிறவரைப் பதினைந்து வருடமாகத் தெரியும் என்று என் மனைவி சொல்கிறாள். எனக்கு நான்கு வருடமாகத்தான் தெரியும். அதாவது, வயிற்றுவலி என்று அவர் என் முன்னால் வந்து படுத்த நாளிலிருந்து. இடது சிறுநீரகத்தில் ஒரு கல், வலதில் இரண்டு. அதற்குப் பிறகு அவர் எதிரே வந்தால் நான் வணக்கம் சொல்லத் தவறியதில்லை. வணக்கம் அவருக்கா, அந்த மூன்று கற்களுக்கா?

நான் ஸ்கேன் எடுக்கிறவன். இருபத்திரண்டு வருடமாக அதே மூன்றாவது மாடி, அதே அறை. பெரிய வளையம் ஒன்று, அதற்குள் போய் வருகிற ஒரு மேசை, தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அதில் நான். "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று மைக்கில் சொல்வேன். ரொட்டியை நறுக்கிக் காட்டுவதுபோல் ஆளை மெல்லிய துண்டுகளாகத் திரையில் காட்டும் அந்த இயந்திரம். படத்தைப் படித்து அறிக்கை எழுதுகிற டாக்டர் வேறு. அவர் மாலையில் வந்து உட்கார்ந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ எழுதி முடிப்பார். அந்த இரண்டு நாளும் விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான்தான். உடம்புக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது.

சொல்லவும் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த விதி அது. நியாயமான விதிதான், நான் டாக்டர் இல்லை. ஆனால் எழுபதாயிரம் பேரைப் பார்த்த கண்ணுக்குப் பார்க்காததுபோல் இருக்கத் தெரியாது. நல்லது எது, கெட்டது எது என்று டாக்டர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

வாயைப் பூட்டிக்கொள்வது சுலபம். முகம்தான் தொல்லை. மேசையிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டிருக்கும் வாத்தியாரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். அதற்காகவே நான் ஒரு வழி வைத்திருந்தேன். எல்லோருக்கும் ஒரே வேடிக்கைப் பேச்சு. "படம் ரொம்ப நல்லா விழுந்திருக்கு, கல்யாண ஆல்பத்துல ஒட்டிக்கலாம்." கால் சுளுக்கிய கல்லூரிப் பெண்ணுக்கும் அதுதான், கல்லீரல் முழுக்க ஓட்டை விழுந்த பெரியவருக்கும் அதுதான். அதே குரல், அதே பாதிச் சிரிப்பு. கூட வேலை செய்கிறவர்கள் எனக்குச் 'சிலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. வீட்டில் மனைவி 'உம்மணாமூஞ்சி' என்பாள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

வேலை முடிந்து படியிறங்கினால் அந்தப் பாரமும் கூடவே வரும். ஒருமுறை பஸ்ஸில் ஜன்னலோர இருக்கைக்காக ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை நான் படமெடுத்த ஆள். வியாழக்கிழமை அறிக்கை. அன்று புதன். நான் எழுந்து என் ஜன்னலோர இடத்தை அவருக்குக் கொடுத்தேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். இன்னொரு நாள் துணிக்கடையில், அந்த வாரம் நான் படமெடுத்த ஒரு பெண்மணி திரைச்சீலைத் துணியைத் தடவிப் பார்த்து, "இது அஞ்சு வருஷமாவது உழைக்குமா?" என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பத்து வருஷம் உழைக்கும்மா" என்றார் அவர். மனைவியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். கடைக்குள் வரச் சம்மதித்ததே பெரிய விஷயம், அதற்குள் ஓட்டமா என்று வீடு வரைக்கும் திட்டு வாங்கினேன்.

வீட்டுக்கு வருகிற மனிதர்கள் என்று பார்த்தால் என் அக்கா ஒருத்திதான். என்னைவிட ஆறு வயது மூத்தவள். எனக்கு எட்டு வயதில் அம்மா இறந்துபோனாள். அன்றிலிருந்து என்னைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கு அனுப்பியது, அடித்தது எல்லாம் அவள்தான். தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள், ஊரே கேட்கப் பேசுவாள், ஊரே கேட்கச் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாள். "யார் வந்தாலும் நாற்காலியை விட்டு அசைய மாட்டீங்க, அக்கா கிளம்பினா மட்டும் வாசலுக்கு முன்னாடி ஓடிப் போய் நிக்கறீங்க" என்று மனைவி கிண்டல் செய்வாள். அக்கா அதற்கும் சிரிப்பாள்.

இந்த வருடத் தொடக்கத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர் ஒருவர் படமெடுக்க வந்தார். இரண்டு நுரையீரலிலும் நிழல். வழக்கமான என் வேடிக்கையைச் சொன்னேன். அவர் மேசையில் எழுந்து உட்கார்ந்து, கீழே கிடந்த தன் செருப்பைப் பார்த்தார். அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார், இத நீங்கதான் திருப்பி வச்சீங்களா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் செருப்பைப் போட்டுக்கொள்ளாமல் வெறுங்காலோடு வெளியே போனார். காத்திருக்கிற இடத்தில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எங்கள் ஆயாம்மா செருப்பை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போனார். ஆட்களை உள்ளே அழைத்து வருவதும், அறையைத் துடைப்பதும் அவர் வேலை. திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஆள் எதுக்கு அழறார்? நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லல சார். நீங்கதான் சொன்னீங்க."

"நானா?"

ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "கோவிச்சுக்காதீங்க. உள்ள வர்றவங்க செருப்பைக் கழட்டிட்டு மேசையில ஏறுவாங்க. செருப்பு மேசையைப் பாத்துக் கிடக்கும். படம் நல்லா இருந்தா நீங்க அதைத் தொடவே மாட்டீங்க. கெட்டதா இருந்தா வந்ததும் குனிஞ்சு அதைத் திருப்பி வாசலைப் பாத்து வைப்பீங்க. இறங்கினதும் அப்படியே கால நுழைச்சுட்டுப் போற மாதிரி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எத்தனை நாளா?"

"நான் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. அப்பவே அப்படித்தான்."

"வேற யாருக்குத் தெரியும்?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா மறுபடி படமெடுக்க வர்றாங்களே, அவங்க எல்லாருக்கும் தெரியும். வெளிய உக்காந்துட்டு வேற எதைப் பேசுவாங்க? புதுசா வர்றவங்களுக்கு அவங்கதான் சொல்லித் தர்றாங்க. சிலை வாயைத் திறக்காது, செருப்பைப் பாருன்னு."

"ஏன் என்கிட்ட சொல்லல நீங்க?"

"சொன்னா நிறுத்திடுவீங்க. செருப்பு திரும்பியிருந்தா நான் அவங்களுக்கு லிஃப்டைப் பிடிச்சு வைப்பேன், கீழ வரைக்கும் கூடப் போவேன். உங்களுக்குச் செருப்பு, எனக்கு லிஃப்ட். வேற என்ன செய்ய முடியும் நம்மால?" துடைப்பத்தை மறுபடி கையில் எடுத்தார். "உங்களுக்காவது படிச்ச படிப்பு, அதனால தெரியுது. எனக்கு எதுக்கு சார் இதெல்லாம் தெரியணும்? சோறு இறங்க மாட்டேங்குது சில நாள்."

கோபம்தான் முதலில் வந்தது. இருபத்திரண்டு வருடம் கட்டிக் காத்த முகம், கடைசியில் என் கையே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. அப்புறம் எத்தனை செருப்பு என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டியவர்கள். அந்த இரண்டு நாளையும் நான் குனிந்து பிடுங்கியிருக்கிறேன். அதுவரை தெருவில் போகிறவர்களின் உள்ளே இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கால்களையும் பார்க்கத் தொடங்கினேன். நீலப் பட்டை வைத்த செருப்பு, குதிகால் தேய்ந்த செருப்பு, ஒரு பக்கம் மட்டும் புதிதாகத் தைத்த செருப்பு. எல்லாமே என்னிடமிருந்து விலகிப் போவதுபோல் தோன்றியது.

அதன்பிறகு மேசைக்குப் போகும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். முதல் மாதத்தில் ஒரு பெரியவர் வந்தார், பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மேசையிலிருந்து இறங்கியவர் செருப்பைக் காலால் துழாவினார். கிடைக்கவில்லை. குனியப் பார்த்தார், மூச்சு வாங்கியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆயாம்மா ஓடி வந்து செருப்பைத் திருப்பி அவர் காலில் மாட்டிவிட்டார். அவரை அழைத்துப் போகும்போது ஆயாம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாங்கிக்கொண்டேன். வெளியே பேச்சு மட்டும் மாறவில்லை, செருப்பு திரும்பவில்லையென்றால் பிழைத்தோம் என்று எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போனார்கள். இரண்டு நாளைக்கு. அதைக் கேட்கும்போது எனக்குப் பழைய தப்பே மேல் என்று தோன்றும்.

மூன்றாவது மாதம் அக்கா வந்தாள்.

ஆறு வாரமாக இருமல். "சளிடா, விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மகள்தான் விடாப்பிடியாக இழுத்து வந்துவிட்டாள். மகளுக்கு எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். "மாமா, ஒழுங்கா எடுங்க. அம்மா சும்மா இருக்க மாட்டாங்க" என்றாள். வேறு ஆளை எடுக்கச் சொல்கிறேன் என்று நான் சொன்னதற்கு அக்கா ஒப்பவில்லை. "எவன் எவன் முன்னாடியோ படுக்கறதுக்கு உன் முன்னாடி படுத்துட்டுப் போறேன்."

உள்ளே வந்து கதவு சாத்தியதும் அவள் சிரிப்பு நின்றது.

"ஒண்ணு சொல்றேன், கேளு. இதுல என்ன இருந்தாலும் அவ பிள்ளை பெத்துக்கற வரைக்கும் எனக்குத் தெரிய வேண்டாம். அறிக்கை வாங்க நான் வரமாட்டேன். நீயும் வாயைத் திறக்கக் கூடாது."

"அக்கா, அதுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கு."

"இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்சா என் முகத்துல தெரிஞ்சுடும். போன தடவை என்ன ஆச்சுன்னு நீ பாத்தேல்ல."

பார்த்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால், அத்தான் திடீரென்று இறந்த செய்தியைக் கேட்டு, ஏழு மாத வயிற்றோடு அந்தப் பெண் மயங்கி விழுந்தாள். அந்தக் குழந்தை தங்கவில்லை. டாக்டர்கள் ஆயிரம் காரணம் சொன்னார்கள். அக்காவுக்கு அந்த ஒரு காரணம்தான்.

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு மேசையில் ஏறிப் படுத்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கை அழுத்தினேன். "மூச்சை இழுங்க."

"என்னடா இழுங்கங்கறே? யாரோ மாதிரி."

"பழக்கம்க்கா. மூச்சை இழு. பிடி."

பிடித்தாள். திரையில் என் அக்கா துண்டு துண்டாக வரத் தொடங்கினாள். முதல் சில படங்களில் ஒன்றும் இல்லை. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் அது வந்தது. ஓரம் பிசிறடித்த, எலுமிச்சம்பழம் அளவு. கீழே கல்லீரலில் மூன்று சின்னப் புள்ளிகள். கல் இல்லை, சளி இல்லை, பழைய தழும்பு இல்லை. வேறு எதுவாகவாவது இருக்கக் கூடாதா என்று மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். வேறு யாருடையதாக இருந்தாலும் அரை நிமிடத்தில் நகர்ந்திருப்பேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் ஒலிபெருக்கியில்.

"இன்னும் ஒரு படம்" என்றேன். படம் எதுவும் எடுக்கவில்லை. இந்த ஆறு வாரம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு மூன்று புள்ளி. ஆறு வாரம் சும்மா விட்டால் எத்தனை என்று எண்ண ஆள் தேவைப்படும். சொன்னால் வாக்கு போகும், மகளுக்கும் தெரிந்துவிடலாம். சொல்லாவிட்டால் அக்காவே போவாள். இன்றைக்கு எப்படியாவது சமாளித்து அனுப்பிவிட்டு, டாக்டரைக் கொண்டு ஏதாவது பொய்க் காரணம் சொல்லி இழுத்து வரலாம் என்று முடிவு செய்தேன். கண்ணைத் துடைத்தேன். முகத்தை மாட்டிக்கொண்டேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

"படம் ரொம்ப நல்லா விழுந்திருக்கு" என்றேன். "கல்யாண ஆல்பத்துல ஒட்டிக்கலாம்."

குரல் பிசகவில்லை. அத்தனை வருடப் பழக்கம் வீண்போகவில்லை என்று அந்த நிலையிலும் ஒரு அற்பத் திருப்தி. அக்கா எழுந்து உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள். கீழே பார்த்தாள். பழுப்புச் செருப்பு, இடது வாரில் கறுப்பு நூல் தையல். அவள் கழற்றிவிட்டபடியே மேசையைப் பார்த்துக் கிடந்தது.

"நீ திருப்பி வைக்கல" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. வெளியே உட்கார்ந்திருந்தபோது யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்லதாகப் போயிற்று, பொய் சொல்ல வேண்டிய வேலைகூட இல்லை. "ஆமாக்கா, திருப்பி வைக்கல. திருப்பி வச்சாத்தானே கெட்டது? வெளிய அப்படித்தானே சொன்னாங்க?"

"வெளிய யார் என்ன சொன்னா? என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லல." அவள் செருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு நீ எப்பவும் திருப்பித்தான்டா வைப்பே. நாப்பத்தஞ்சு வருஷமா. உன் வீட்டுல, என் வீட்டுல, ஆஸ்பத்திரியில, கல்யாணத்துல. அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்ப அவளால திரும்பி நின்னு செருப்பைப் போட முடியல. திருப்பி வைடான்னு நான்தான் உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவ போனப்புறம் எனக்கு வைக்க ஆரம்பிச்சே. போன ஞாயித்துக்கிழமை கூட வச்சே. இன்னிக்கு மட்டும் கையைப் பின்னால கட்டிட்டு நிக்கறே."

நான் இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தேன். விட முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் நான் எதற்காக வாசலுக்கு முன்னால் ஓடினேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. இத்தனை வருடமாக இந்த அறையில் யாருக்காகக் குனிந்தேன் என்பதும்.

"பிரசவம் வரைக்கும் இருப்பேனா?" என்றாள்.

"எனக்குத் தெரியாதுக்கா." என் வாழ்க்கையில் அந்த அறையில் நின்று நான் உண்மையாகச் சொன்ன முதல் 'தெரியாது' அதுதான். "அது படத்துல வராது. உடனே வைத்தியம் ஆரம்பிச்சா நிச்சயம் இருப்பே. அதுக்கு மேலயும் இருப்பே."

அவள் தலையை ஆட்டினாள். அப்புறம் கவுன்ட்டரில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற குரலில் பேசினாள். "திங்கட்கிழமை நீ என்கூட டாக்டர்கிட்ட வர்றே. என் பொண்ணுகிட்ட சளின்னு சொல்லிடலாம். மருந்துக்குத் தலை சுத்துதுன்னா அதுக்கு ஒரு கதை சொல்லிக்கலாம். உன் பொண்டாட்டிக்கும் தெரிய வேண்டாம். இப்ப இதைத் திருப்பி வை. எனக்குக் குனிய வரல."

குனிந்தேன். செருப்பு இரண்டையும் எடுத்து வாசலைப் பார்க்க வைத்தேன். கையை அதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. அழுதேன், வாய்விட்டு இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் பெண் இருக்கிறாளே. அக்கா என் தலையில் கையை வைத்தாள். "போதும். எழுந்திரு. முகத்தைத் துடை."

நாங்கள் வெளியே வந்தபோது மகள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். எல்லோரும் பார்க்கிற அதே பார்வை. நான் வாயைத் திறந்தேன். "படம் நல்லா விழுந்திருக்கு. கல்யாண..." அதற்கு மேல் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பேச்சு பாதியில் நின்றது.

"கல்யாண ஆல்பத்துல ஒட்டிக்கலாமாம்" என்று அக்கா முடித்தாள். "இந்த வயசுல எனக்கு எவனைடா மாப்பிள்ளை பாத்து வச்சிருக்கே?" சொல்லிவிட்டுச் சிரித்தாள், காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி. மகளும் சிரித்துவிட்டாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதம்மா, உதைக்குது" என்றாள். என்னைச் சிலை என்று கூப்பிட்டவர்கள் என் அக்காவைப் பார்த்ததில்லை.

ஆயாம்மா அக்காவின் முகத்தை அல்ல, என் கண்களைப் பார்த்தார். போய் லிஃப்டின் பொத்தானை அழுத்தி, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். "எவ்வளவு மரியாதை பாரும்மா இங்க" என்றாள் மகள். "தம்பி வேலை பாக்கற இடமாச்சே" என்று அக்கா மறுபடியும் சிரித்தாள். கதவு மூடிய பிறகும் அந்தச் சிரிப்பு ஒவ்வொரு மாடியாக இறங்கிப் போவது எனக்குக் கேட்டது.

அதை நான் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறேன். அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று அவளால் நடக்க முடியவில்லை, தூக்கித்தான் கொண்டுபோனார்கள். அம்மா செருப்பை விட்டுட்டுப் போயிட்டாளே என்று நான் அதைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் நின்றேன். பதினான்கு வயது அக்கா இதேபோல்தான் சிரித்தாள். "அசடு, அவளை என்ன நடக்கவா விட்டாங்க? ஒரு வாரத்துல வந்துடுவா. வாசலைப் பாத்து வை" என்றாள். அவளுக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருந்தது.

நான் செருப்பை வைத்துவிட்டு விளையாடப் போனேன்.